‘எண்டு’ விடுபட்ட பேச்சு

வணக்கம் ஐயா,

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். பிறந்து வளர்ந்ததும் அந்தப் பக்கம்தான். சொல்லின் வலிமை பற்றி நீங்கள் எழுதியதை வாசித்திருக்கிறேன். இப்போது அந்த வலிமை என்மேலேயே விழுந்திருக்கிறது.

போன தவணை பெற்றோர் கூட்டத்தில் நான் பேசியது இது: “வயல்காரன்ட புள்ளைகளுக்கு இங்கிலீசு எதுக்கு, மாடு பாக்கவா எண்டு கேட்ட ஒராள்தான் எனக்குப் படிப்பிச்சவர். அவருக்கு மறுமொழி சொல்லத்தான் நான் டீச்சரா வந்து நிக்கிறன்.” கூட்டத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு யாரோ போனில் எடுத்த வீடியோவில் முதல் ஆறு சொல்லை மட்டும் வெட்டி ஊர் வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். கூட்டத்துக்கு வராத தாய்மார் பார்த்தது அதைத்தான். சிலர் பிள்ளைகளை என்னுடைய பின்னேர வகுப்புக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள்.

“சொன்னது நீதானே, குரலும் உன்ட குரல்தானே, மன்னிப்பைக் கேட்டு முடிச்சிடு” என்கிறார் அண்ணன். அந்த ஆறு சொல்லும் என் வாயிலிருந்து வந்தவைதான், யாரும் ஒன்றையும் கூட்டவில்லை. அப்படியிருக்க அதை எப்படிப் பொய் என்று சொல்வேன்? மன்னிப்புக் கேட்க வேண்டுமா?

(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள டீச்சர்,

மன்னிப்புக் கேட்க வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடிதத்தின் கடைசிவரை உங்களைக் காக்கவைக்க விருப்பமில்லை. ஆனால் அந்தத் தாய்மாரிடம் நீங்கள் போகத்தான் வேண்டும். ஏன் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன் என்பதற்குத்தான் மீதிக் கடிதம்.

ஒரு சொல்லையும் கூட்டாமல் பொய் சொல்லலாம், கழித்தாலே போதும். அதிலும் தமிழில் அது மிகவும் சுலபம். நம் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வரும். மறுப்பும் அங்கேதான் வரும். அடுத்தவர் பேச்சை எடுத்துச் சொன்னால், அது அடுத்தவருடையது என்று காட்டும் ‘என்று’ அந்தப் பேச்சுக்குப் பின்னால்தான் வந்து நிற்கும். எழுத்தில் மேற்கோள் குறி போடலாம், வாய்ப்பேச்சில் அந்தக் குறியின் வேலையைச் செய்வது அந்த ஒரு ‘எண்டு’தான். உங்கள் வீடியோவை வெட்டியவர் சரியாக அதற்கு முன்னால் கத்தரியை வைத்திருக்கிறார். அறியாமல் செய்தாரா, அறிந்து செய்தாரா என்பது எனக்குத் தெரியாது. பலன் ஒன்றுதான். உங்களை ஒருகாலத்தில் இழிவாகப் பேசியவரின் கேள்வி உங்கள் கேள்வியாகிவிட்டது. அந்தக் கேள்வியை எதிர்த்து வாழ்க்கையையே அமைத்துக்கொண்ட ஒருவருக்கு இதைவிடப் பெரிய அநியாயம் வேறென்ன?

அண்ணன் சொல்வதில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. பொருள் முழுவதும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, யார் எங்கே நின்று யாருக்குச் சொன்னார் என்பதெல்லாம் வெளியே கிடக்கும் விவரம் என்ற நம்பிக்கை. தமிழ் மரபு அப்படி நினைக்கவில்லை. தொல்காப்பியத்தின் செய்யுளியல் செய்யுளுக்கு 34 உறுப்புகளைச் சொல்கிறது. அசை, சீர், அடி, தொடை என்பவை நாம் பள்ளியில் படித்தவை. அதே வரிசையில் கூற்று, கேட்போர், களன், காலம் ஆகியவையும் வருகின்றன. முன்னம் என்று ஒரு உறுப்பும் உண்டு: இந்த இடத்தில் இந்தப் பேச்சு இன்னார் இன்னாருக்குச் சொல்லத் தக்கது என்று உணர்ந்து சொல்வது. சொன்னவரும் கேட்டவரும் இடமும் நேரமும் பாட்டுக்கு உறுப்பு என்றால், அவற்றை நீக்கியவர் பாட்டின் உடம்பிலேயே கை வைத்திருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

குறுந்தொகையின் 40ஆம் பாட்டை எடுங்கள். “யாயும் ஞாயும் யாராகியரோ” என்று தொடங்குவது. இன்று அதைக் கல்யாண அழைப்பிதழ்களில் அச்சடிக்கிறோம், மகிழ்ச்சிப் பாட்டாகவே அது நம் காதில் விழுகிறது. யார், எப்போது, யாருக்குச் சொன்னது என்று பாட்டோடு சேர்ந்து வரும் பழைய துறைக் குறிப்பு வேறொன்று சொல்கிறது. பிரிந்து போய்விடுவானோ என்று தலைவி அஞ்சுகிறாள், அவளிடம் தெரிந்த மாற்றத்தைக் கண்டு தலைவன் சொன்னது இது. குறிப்போடு சேர்த்து வாசித்தால், பயந்து நிற்கும் ஒரு பெண்ணுக்குக் கொடுக்கும் உறுதிமொழியாக அது மாறிவிடுகிறது. அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை, அவளுடைய பயம்தான் பாட்டுக்குப் பாதிப் பொருளைக் கொடுக்கிறது.

அகப்பாடல்களில் சிறைப்புறம் என்று ஒரு ஏற்பாடும் உண்டு. தோழி தலைவியோடு கதைப்பாள், வேலிக்கு அப்பால் தலைவன் நிற்பான். பேச்சு தலைவிக்குப் போல இருக்கும், உண்மையில் அவன் காதில் விழட்டும் என்றே பேசுவாள். ஒளிந்து கேட்பவரையும் கணக்கில் எடுத்த இலக்கியம் நம்முடையது.

இலக்கியத்தை விடுங்கள், உங்கள் ஊர்ப் பெரியவர்களையே கேட்டுப் பாருங்கள். வெட்டு மெசின் வருவதற்கு முன்னால், மாடு விட்டுச் சூடு மிதித்த காலத்தில், களவெட்டிக்கென்று, அதாவது நெல் சூடடிக்கும் களத்துக்கென்று, தனிப் பேச்சு இருந்தது. மட்டக்களப்பு, அம்பாறை வயல் ஊர்களில் அது வழக்கில் இருந்தது. களத்துக்குள் இறங்கினால் நெல்லை நெல் என்று சொல்லமாட்டார்கள், பொலி என்பார்கள். மாட்டுக்கு வேறு பெயர், சுளகுக்கு வேறு பெயர். அளக்கும்போது முதல் அளவை ‘லாபம்’ என்று தொடங்குவார்கள். பூதங்கள் கேட்டுக்கொண்டு நிற்கும், அவற்றுக்கு விளங்கினால் விளைவைக் கொண்டுபோய்விடும் என்பது நம்பிக்கை. வீட்டு வாசலில் சாதாரணமாகச் சொல்லும் அதே சொல்லைக் களத்துக்குள் சொல்வது குற்றம். பூதத்தை நம்புகிறோமா என்பதை ஒருபக்கம் வையுங்கள். பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் வெளியே மூன்றாவது ஒருவர் நிற்கிறார், அவர் நல்லெண்ணத்தோடு நிற்கவில்லை என்று எடுத்துக்கொண்டு ஒரு மொழியையே அமைத்திருக்கிறார்கள். எவ்வளவு கூர்மையான அறிவு அது! மெசின் வந்தபோது அந்தச் சொற்கள் போய்விட்டன. அவற்றைச் சேர்த்துவைக்க வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை உண்டு. உங்கள் மாணவர்களைக் கொண்டு செய்ய முடியுமென்றால் தயவுசெய்து செய்யுங்கள்.

இன்று எல்லாருடைய சட்டைப்பையிலும் அந்த மூன்றாம் ஆள் இருக்கிறார். அது எவ்வளவு தூரம் போகும் என்பதை நம் மாகாணமே பார்த்தது. 2018 பெப்ரவரிக் கடைசியில் அம்பாறை நகரத்தில், ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், கறிக்குள் கிடந்த கட்டி ஒன்றைக் காட்டிச் சிலர் சண்டைக்கு நின்றார்கள். கருத்தடை மருந்து கலந்திருக்கிறாய் என்று சிங்களத்தில் சத்தம் போட்டுக் கேட்டார்கள். கடையில் நின்றவருக்குச் சிங்களம் சரியாக விளங்காது. சுற்றி நின்றவர்களின் கோபம் மட்டும் விளங்கியது. தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் ‘ஓம், போட்டது’ என்பதுபோல ஏதோ சொல்லிவிட்டார். அதைப் படமெடுத்து முகநூலில் போட்டார்கள். அன்றிரவே கடை உடைபட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. கட்டியைச் சோதித்த அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அது வெறும் மாவு என்றார். அதற்குள் படம் ஓடிவிட்டிருந்தது. மார்ச் முதல் வாரத்தில் கண்டி திகனையில் வன்முறை வெடித்து, நாட்டில் அவசரகால நிலையே வந்தது. அந்த மனிதரின் சொல்லும் அவருடைய வாயிலிருந்து வந்ததுதான், யாரும் ஒன்றையும் கூட்டவில்லை. அதை ஒப்புதல் வாக்குமூலம் என்று யாராவது மனம் ஒப்பிச் சொல்ல முடியுமா? கேள்வியே விளங்காதவர் சொன்ன ‘ஓம்’ எதற்குப் பதில்? அண்ணனிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

சரி, இதற்கு மறுபக்கமும் உண்டு. மேடையில் ஏறி ஒரு சமூகத்தையே கேவலமாகப் பேசிவிட்டு, மறுநாள் ‘சந்தர்ப்பத்திலிருந்து பிரித்து எடுத்துவிட்டார்கள்’ என்று கைவிரிப்பவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். அவர்களால்தான் உங்களைப் போன்றவர்கள் உண்மையைச் சொல்லும்போதும் ஊர் நம்பத் தயங்குகிறது. இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது: முழுப் பேச்சையும் திரும்பப் போட்டுப் பாருங்கள். உங்கள் பேச்சை முழுதாகக் கேட்டவர்கள் கைதட்டினார்கள், ஆறு சொல்லாகக் கேட்டவர்கள் நொந்தார்கள். மேடைக்காரரின் பேச்சை முழுதாகக் கேட்டால் கேவலம் இன்னும் கூடத்தான் செய்யும். சந்தர்ப்பம் என்ற வாதத்தை எடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, அவருக்கு இல்லை.

இனி அந்தத் தாய்மார். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

அவர்கள் ஏன் உடனே நம்பினார்கள்? வீடியோ திறமாக வெட்டப்பட்டிருந்தது என்பதால் மட்டும் அவ்வளவு வலித்திருக்காது. அந்த ஆறு சொல்லை அவர்கள் முன்பே கேட்டிருக்கிறார்கள். வாவியைக் கடந்து பட்டினத்துக்கு வந்தால் கந்தோரில், ஆஸ்பத்திரி வரிசையில், வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைச் சொந்தக்காரரின் கல்யாண வீட்டில். ‘படுவான்கரை ஆக்கள்தானே’ என்று ஒரு இழுவையோடு சொல்வார்கள், அது என்ன இழுவை என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அதே ‘படுவான்கரை’யை நீங்களும் உங்கள் தோழிகளும் சொல்லும்போது அதில் ஊரின் வாசம்தான் இருக்கும். போர்க்காலத்தில் அவர்களுடைய பிள்ளைகள் எத்தனை தவணைகளை இழந்தார்கள், பட்டினத்துப் பாடசாலைகளுக்குக் கிடைத்த ஆசிரியர்கள் அவர்களுக்குக் கிடைத்தார்களா என்பதெல்லாம் அந்த வீடியோவுக்கு வெளியே இருப்பவைதான். ஆனால் பார்த்தவரின் மனதுக்குள் அவை இருந்தன. பேசியவருக்கு மட்டும்தான் சந்தர்ப்பம் என்று நினைக்கிறோம், கேட்பவரும் தன் சந்தர்ப்பத்தோடுதான் கேட்கிறார். அவர்கள் கேட்ட செய்தி பொய், பட்ட நோவு பொய் அல்ல.

அதனால்தான் குழுவில் விளக்கம் எழுதிப் போட வேண்டாம் என்கிறேன். அதையும் யாராவது பாதியில் வெட்டுவார்கள். முழு வீடியோ யாரிடமாவது இருந்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை முதலில் நீட்டாதீர்கள். நிரூபிக்க வந்தவராகப் போனால் அவர்கள் தோற்றவர்களாக உட்கார வேண்டியிருக்கும். நேரே போங்கள். வேளாண்மை வெட்டு முடிந்து ஆட்கள் வீட்டில் இருக்கும் பின்னேரமாகப் பார்த்துப் போங்கள். கூட்டத்தில் இருந்து உங்கள் பேச்சை முழுதாகக் கேட்ட ஒரு தாயைக் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. அந்தக் கேள்வியை உங்களிடம் கேட்டவர் யார், அப்போது உங்களுக்கு என்ன வயது, எந்த வகுப்பில் இருந்தீர்கள், அன்று வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் என்ன சொன்னீர்கள் என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள். அப்புறம் அவர்களைப் பேசவிடுங்கள். அவர்களிடமும் அதே கேள்வியைக் கேட்டவர்கள் இருப்பார்கள், அந்தக் கதைகள் வரும்.

பேசும் முறையில் ஒரே ஒரு மாற்றம் சொல்வேன். இனிமேல் பிறர் பேச்சை எடுத்துச் சொல்லும்போது ஆளை முன்னால் நிறுத்துங்கள். “எனக்குப் படிப்பிச்ச ஒராள் கேட்டவர்” என்று தொடங்கிவிட்டு, அதன் பிறகு அவர் கேட்டதைச் சொல்லுங்கள். வெட்டுகிறவர் அப்போதும் வெட்டுவார், ஆனால் கொஞ்சம் பாடுபட வேண்டிவரும். அதற்கு மேல் ஒன்றையும் மாற்றாதீர்கள். அந்தக் கூட்டத்தில் நீங்கள் சொன்னதை அடுத்த கூட்டத்திலும் சொல்லத்தான் வேண்டும், இந்த முறை வராதவர்களும் வந்திருப்பார்கள்.

போய் வந்த பிறகு என்ன நடந்தது என்று எழுதுங்கள். களவெட்டிச் சொற்கள் ஏதாவது கிடைத்தால் அவற்றையும் சேர்த்து அனுப்புங்கள்.

அன்புடன்.