உள்ளரங்கில் 200 மீட்டர் எங்கே போனது?

வணக்கம் ஐயா. உலக உள்ளரங்கத் தடகளப் போட்டி அட்டவணையில் 200 மீட்டர் இல்லை, அச்சுப் பிழையா, 200 ஓடும் என் மகன் எதற்குத் தயாராவது என்று கேட்டிருந்தீர்கள். பிழையில்லை. 2004இல் புடாபெஸ்டில் ஓடியதோடு அந்தப் பந்தயத்தை நீக்கிவிட்டார்கள்.

காரணம் வளைவு. உள்ளரங்கில் ஒரு சுற்றே 200 மீட்டர்தான். முதல் தடத்தில் நிற்பவருக்கு வளைவு மிக இறுக்கம். உடலைச் சாய்த்து, வேகத்தை விழுங்கிக்கொண்டுதான் திரும்ப முடியும். ஆறாம் தடத்துக்காரரோ, வெளிப்பக்கம் உயர்த்திக் கட்டிய வளைவுச் சரிவின் உச்சியில் புறப்பட்டு இறக்கத்தில் பாய்வார். தடம் ஒதுக்கும்போதே பாதிப் பதக்கம் முடிவாகிவிடும். இது போட்டியா, குலுக்கலா? நீக்கியது சரிதான் என்பேன். ஆனாலும் அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளில் இன்றும் ஓடுகிறார்கள்.

உங்கள் மகனுக்கு 60 மீட்டர் அல்லது 400. புறப்பாடு வெடிப்பாக இருந்தால் 60. அது நேர்ப்பாதை, வளைவுத் தொல்லையே இல்லை. இல்லையென்றால் 400. அதில் இரண்டு வளைவுகள் முடிந்ததும் எல்லோரும் உள்தடத்துக்குப் பாய்வார்கள், முழங்கை இடிபடும். அங்கே பின்தங்கியவர் முந்துவது பெரும்பாடு. ஆகவே முதல் 200ஐத் துணிந்து ஓடப் பழக்குங்கள்.