வீட்டுச் சோப்பு கையை எரிக்கிறதா? லிட்டரை மறந்துவிட்டுத் தராசை எடுங்கள்

கேள்வி: ஒரு லிட்டர் செக்குத் தேங்காய் எண்ணெய், 180 கிராம் காஸ்டிக் சோடா வைத்து முதல்முறையாகச் சோப்பு செய்தேன். பயிற்சி வகுப்பில் சொன்ன அளவுதான். ஆறு வாரம் காயவைத்தும் கை எரிகிறது, வெட்டினால் உதிர்கிறது. மஞ்சள்தூள் தடவினால் சிவக்கிறது. இன்னும் காயவிடலாமா, தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். காயவைத்தால் போவது தண்ணீர்தான். உள்ளே மிஞ்சிய காஸ்டிக் அப்படியே இருக்கும்.

தவறு லிட்டரில் இருக்கிறது. ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் ஒரு கிலோ இல்லை, சுமார் 915 கிராம். ஒரு கிராம் தேங்காய் எண்ணெய் 0.183 கிராம் காஸ்டிக்கைத்தான் ஏற்கும். அப்படியானால் உங்கள் எண்ணெய்க்கு 167 கிராமே உச்சவரம்பு. நீங்கள் போட்டது 180. சோப்பில் கொஞ்சம் எண்ணெய் மிஞ்ச வேண்டும், இங்கே 13 கிராம் காஸ்டிக் மிஞ்சியிருக்கிறது. எரிச்சலும் உதிர்வும் அதனால்தான்.

காப்பாற்றும் வழி: கையுறை போட்டுக்கொண்டு சோப்பு முழுவதையும் துருவுங்கள். 120 கிராம் தேங்காய் எண்ணெய், 150 மில்லி தண்ணீர் சேர்த்து எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு, கொதிநீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் இறக்கி வையுங்கள். அவ்வப்போது கிளறிவிட்டால் இரண்டு மணி நேரத்தில் வெந்த ஜவ்வரிசி மாதிரி கண்ணாடித்தன்மை வரும். அச்சில் அழுத்தி ஆறவிடுங்கள். துணிக்கும் பாத்திரத்துக்கும் நன்றாக உதவும். குளிக்க வேண்டாம், தேங்காய் எண்ணெய் மட்டும் போட்ட சோப்பு தோலை வறட்டும்.

மஞ்சள் சோதனையை விட்டுவிடுங்கள். எந்தக் காரம் (அமிலத்துக்கு எதிர்த்தன்மை உள்ள பொருள்) பட்டாலும் மஞ்சள் சிவக்கும். நல்ல சோப்பும் காரம்தான், கடையில் வாங்கிய சோப்பில் தடவினாலும் சிவக்கும். இதைக் காட்டியே சிலர் அடுத்தவர் சோப்பை 'கெமிக்கல்' என்று மட்டம் தட்டி, 'காஸ்டிக் இல்லாத ஆயுர்வேத சோப்பு பேஸ்' என்று, உருக்கி அச்சில் ஊற்றும் கட்டியை விற்கிறார்கள். அந்தக் கட்டியும் காஸ்டிக்கும் எண்ணெயும் சேர்ந்து உருவானதுதான். நீங்கள் செய்யாததை யாரோ தொழிற்சாலையில் செய்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

இதே அளவில் செய்தும் சிலருக்கு எரியாது. காஸ்டிக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். வாய் கட்டாத பையில் கிடந்து, வில்லைகள் ஒன்றோடொன்று ஒட்டி, தொட்டால் பிசுபிசுக்கும் சரக்கில் 180 கிராம் நிறுத்தாலும் அதில் ஒரு பங்கு தண்ணீராக இருக்கலாம். மேலே வெள்ளைப் பொடி பூத்திருந்தால் கொஞ்சம் வாஷிங் சோடாவாகவே மாறியிருக்கும். வாஷிங் சோடா எண்ணெயைச் சோப்பாக்காது. இப்படிப்பட்ட சரக்கில் சோப்பு எரியாது, குழகுழவென்று மேலே எண்ணெய் மிதக்கும். உங்களுக்கு உதிர்கிறது என்றால் உங்கள் காஸ்டிக் நல்ல சரக்கு. வகுப்பு நடத்தியவர் ஈரச் சரக்கில் லிட்டர் கணக்கில் செய்து, ஒரு தவறு இன்னொன்றை மறைக்க, அதையே சூத்திரமாக எழுதிக் கொடுத்திருக்கலாம்.

கண் பார்வையைப் போக்கக்கூடிய பொருளை, சுத்தம் எத்தனை சதவீதம் என்ற ஒரு வரிகூட இல்லாமல் பாலித்தீன் பையில் நிறுத்துத் தருகிறார்கள். யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள்: 98 சதவீதம் என்று அச்சிட்ட, மூடி இறுகிய டப்பாதான் வேண்டும். எண்ணெய்ப் பாக்கெட்டில் லிட்டருக்குப் பக்கத்தில் கிராமும் இருக்கும், அதைப் படியுங்கள். இன்னொன்று: 'உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) எடுத்தால் போதும், விற்கலாம்' என்று பணம் வாங்கும் இடைத்தரகர்களை நம்பாதீர்கள். குளியல் சோப்பு தயாரித்து விற்க, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தரும் அழகுசாதன உரிமம் வேண்டும். பயிற்சிச் சான்றிதழும் அதற்கு ஈடாகாது.

அடுத்த முறைக்கு: தேங்காய் எண்ணெய் 350, நல்லெண்ணெய் 100, விளக்கெண்ணெய் 50, காஸ்டிக் 80, தண்ணீர் 165. எல்லாமே கிராம், தண்ணீரையும் நிறுத்தே எடுங்கள். ஒரு கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு வேண்டும். எந்த எண்ணெயை மாற்றினாலும் காஸ்டிக் அளவும் மாறும். 'ஏதோ ஒரு எண்ணெய்' என்று ஊற்றக்கூடாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் தண்ணீருக்குள் காஸ்டிக்கைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, கறுத்து அரித்து, தீப்பற்றக்கூடிய வாயு கிளம்பும். தோலில் பட்டால் எலுமிச்சை, வினிகர் தேடாமல் குழாயடியில் கால் மணி நேரமாவது கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

கரைசலும் எண்ணெயும் 40–45 டிகிரிக்கு வந்ததும் கலந்து, கரண்டியிலிருந்து ஊற்றிய கோடு அழியாமல் மேலே நிற்கும்வரை அடியுங்கள். கைப்பிளெண்டரில் சில நிமிடம், மத்தில் முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். அச்சில் ஊற்றி, மறுநாளோ அதற்கு மறுநாளோ இறுகியதும் வெட்டி, துண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் நிழலில் நான்கு வாரம் வையுங்கள்.