ஆன்லைன் பாடத்துக்கு முழு ஃபீஸா? பெற்றோர், மாணவர் கேள்விகளுக்குப் பதில்

ஹாஸ்டல் கட்டட வேலை, காய்ச்சல், மழை என்று ஏதோ ஒரு காரணத்தால் கல்லூரிகள் சில வாரம் வகுப்பை செல்போனுக்கு மாற்றிவிடுகின்றன. ஃபீஸ் மட்டும் அப்படியே நிற்கிறது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதைப் பற்றித்தான்.

கேள்வி: தறி ஓட்டுகிறேன். மகள் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு, ஹாஸ்டலில் இருந்தாள். ஏழு வாரம் வீட்டிலிருந்து ஆன்லைனில் படித்தாள். பாதி ஃபீஸைத் திருப்பிக் கேட்கலாமுங்களா? (சென்னிமலை)

பதில்: தாராளமாகக் கேளுங்கள். ஆனால் ‘பாதி’ என்று மொத்தமாகக் கேட்டால், ‘பாடம் நடத்தினோமே’ என்று ஒரே வார்த்தையில் ஆபீசில் பேச்சை முடித்துவிடுவார்கள். ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாகக் கேட்க வேண்டும்.

கொரோனா சமயத்தில் ஒருவர் மஞ்சப்பை நிறைய மகனுடைய ரசீதுகளைக் கொண்டுவந்து என் மேஜையில் பரப்பினார். டியூஷன், பஸ், லேப், லைப்ரரி, காஷன் டெபாசிட். கடைசியில் ‘இதரக் கட்டணம்’ என்று ஒரு பெரிய தொகை. எதற்கு என்று எந்த ரசீதிலும் இல்லை. கல்லூரி பஸ் அந்தப் பருவம் முழுக்க ஷெட்டைவிட்டு நகரவே இல்லை. பஸ் பணத்தைத் திருப்பித் தரும்படியும், இதரக் கட்டணத்துக்கு விவரம் தரும்படியும் ஒரே பக்கத்தில் கடிதம் எழுதினோம். பஸ் பணம் அடுத்த பருவ ஃபீஸில் கழிந்தது. இதரக் கட்டணத்துக்கு இன்றுவரை பதில் வரவில்லை.

நீங்களும் அதே மாதிரி பிரித்துக் கேளுங்கள். மெஸ் செலவைச் சாப்பிட்டவர்கள் பகிர்ந்துகொள்ளும் டிவைடிங் சிஸ்டம் என்றால் மகள் சாப்பிடாத நாட்களுக்குப் பில் வரக் கூடாது. ஏழு வார ரூம் வாடகையையும் கேளுங்கள். டியூஷன் ஃபீஸ் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் தயங்குவேன். வாத்தியார் பாடம் தயார் செய்து நடத்தியிருக்கிறார், அந்தப் பணத்தில்தான் அவர் சம்பளமும் வருகிறது. நடக்காத வகுப்புகள் இருந்தால், தேதியோடு அவற்றை மட்டும் எழுதுங்கள்.

2021 மே 3-ம் தேதி, ராஜஸ்தான் தனியார் பள்ளிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020–21 கல்வியாண்டுக்கான ஃபீஸில் 15 சதவீதத்தைக் குறைக்கச் சொன்னது. பள்ளி மூடியிருந்ததால் கரண்ட், டீசல், தண்ணீர், பராமரிப்புச் செலவு மிச்சமானது, மாணவர் பயன்படுத்தாத வசதிக்குப் பணம் வாங்கக் கூடாது என்பதுதான் காரணம். அது பள்ளிகளுக்கான தீர்ப்பு, கல்லூரிக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் அந்தக் காரணம் நியாயமானது. கடிதத்தில் தயங்காமல் எழுதுங்கள்.

கேள்வி: டெக்ஸ்டைல் டெக்னாலஜி படிக்கிறேன். ஸ்பின்னிங் லேப் முழுவதையும் வீடியோவில் காட்டி முடித்துவிட்டார்கள். லேப் ஃபீஸைத் திருப்பி வாங்க முடியுமா? (பெருந்துறை)

பதில்: தம்பி, முதலில் லேபைக் கேள். பணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் மெஷினில் இழை அறுந்தால், சுழலும் ஸ்பிண்டிலை முழங்காலால் பிரேக் கொடுத்து நிறுத்தி, நூல் முனையைத் தேடி எடுத்து, டிராவலர் என்ற சின்னக் கொக்கிக்குள் கோத்து, மேலே ரோலரிலிருந்து இறங்கும் இழையோடு சேர்க்க வேண்டும். இதை எந்த வீடியோவும் விரலுக்குச் சொல்லிக் கொடுக்காது. முதல் பத்து தடவை கை நடுங்கும், நூல் மறுபடி அறுந்து போகும். நீ மில்லில் சேரும் அன்று, பக்கத்தில் நிற்கும் பிளஸ் டூ படித்த பெண் அதைக் கண்மூடித் திறப்பதற்குள் செய்துவிடுவாள். உனக்கு வராது. அந்த நஷ்டத்தை எந்த ரீஃபண்டும் ஈடு கட்டாது.

ரெக்கார்டு நோட்டை எடுத்து, கையால் செய்யாத சோதனைகளை வரிசையாக எழுது. வகுப்பில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, சனிக்கிழமைகளில் நடத்தித் தரும்படி துறைத் தலைவரிடம் கொடுங்கள். பருவம் முடியும்வரை நடத்தவில்லை என்றால் அதே கடிதத்தைக் காட்டி லேப் ஃபீஸைக் கேட்கலாம்.

கேள்வி: எங்கள் ஊரில் மேட்டுக்கு ஏறினால்தான் டவர் கிடைக்கும். ஆன்லைன் வகுப்பில் பாதி விட்டுப்போனது. இப்போது வருகைப்பதிவு குறைவு என்று அபராதம் கேட்கிறார்கள். (தாளவாடி)

பதில்: படிக்கவே மாட்டேன் என்று நீங்கள் இருக்கவில்லை, மேடேறிப் போய்ப் படித்திருக்கிறீர்கள். இதற்கு அபராதம் கேட்பது அநியாயம்.

பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2023-ம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும். அதற்கு எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். வாயால் சொன்னது எங்கும் நிற்காது. குழு 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். முடிவு திருப்தியில்லை என்றால், அது கிடைத்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

கேள்வி: முதல் பருவமே ஆன்லைன் என்கிறார்கள். வேறு கல்லூரிக்கு மாறப் போகிறோம். கட்டியது கிடைக்குமா? (பொள்ளாச்சி)

பதில்: எல்லாம் தேதியில் இருக்கிறது. யு.ஜி.சி.யின் 2018 அறிவிப்புப்படி, சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கும் மேலோ இருக்கும்போது விலகினால், சிறிய பிடித்தம் போக முழுப் பணமும் வரும். கடைசித் தேதி நெருங்கிவிட்டால் 90 சதவீதம். அது தாண்டி 15 நாள்வரை 80, 30 நாள்வரை 50. அதற்கும் மேல் போனால் ஒன்றும் இல்லை. சில ஆண்டுகளில் மாணவருக்குச் சாதகமாகத் தனித் தேதியும் அறிவிப்பார்கள், அதையும் பாருங்கள். பணம் பாக்கி என்று சொல்லி ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை யாரும் பிடித்து வைக்கக் கூடாது.

கேள்வி: நீட் கோச்சிங்கை நேரடி வகுப்பு என்று சொல்லிப் பணம் வாங்கிவிட்டு ஆன்லைனில் நடத்துகிறார்கள். (நாமக்கல்)

பதில்: உங்கள் வழி கொஞ்சம் சுலபம். 2020 ஜனவரியில் தேசிய நுகர்வோர் ஆணையம், கல்லூரிகள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது, கோச்சிங் சென்டர்கள் வரும் என்று சொன்னது. விளம்பர நோட்டீஸையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள்.

கேள்வி: மகன் இங்கிலாந்தில் எம்.எஸ்சி. படிக்கிறான். பாதிப் படிப்பு லேப்டாப்பில்தான் போனது. பனியன் கம்பெனியை அடமானம் வைத்து அனுப்பினோம். (திருப்பூர்)

பதில்: அடமானம் வைத்து அனுப்பியவருக்கு எப்படி இருக்கும் என்று எனக்குப் புரிகிறது. மகன் முதலில் பல்கலைக்கழகத்திலேயே முறைப்படி புகார் கொடுக்க வேண்டும். விசாரணை முடிந்தது என்று அவர்கள் கடிதம் கொடுத்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள், இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டுக்கும் பொதுவாக உள்ள சுதந்திரமான மாணவர் குறைதீர்ப்பு அலுவலகத்துக்குப் போகலாம். மாணவரிடம் அவர்கள் கட்டணம் வாங்குவதில்லை. சொன்னதும் கொடுத்ததும் ஏறக்குறைய ஒன்றா என்றுதான் பார்ப்பார்கள். அதனால் சேரும்போது வந்த ஆஃபர் லெட்டர், பாடத்திட்டக் கையேடு, டைம்டேபிள் எல்லாவற்றையும் இப்போதே தன் சொந்த மெயிலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். படிப்பு முடிந்தபின் பல்கலைக்கழக மெயிலைத் திறக்க முடியாமல் போகலாம்.