அம்மாவின் முழங்காலுக்கு ஸ்டெம் செல் ஊசி: முன்பணம் கட்டலாமா?

கட்ட வேண்டாம். அம்மாவின் வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுக்கும் ஸ்டெம் செல்லை (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) முழங்காலில் செலுத்தினால் தேய்ந்த குருத்தெலும்பு புதிதாக வளரும் என்று தண்டையார்பேட்டை கிளினிக்கில் சொன்னதற்கு உறுதியான சான்று இல்லை. சிலருக்கு வலி குறைவதுண்டு. ஆய்வுகளில் வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களுக்கும்தான் குறைந்திருக்கிறது.

"அரசு அனுமதி உண்டு" என்று அவர்கள் சொல்வது, 2022இல் இந்தியாவில் அனுமதி பெற்ற வேறொரு மருந்தை மனதில் வைத்தாக இருக்கலாம். அது பிறர் தானமளித்த எலும்பு மஜ்ஜையிலிருந்து தயாராவது, அதுவும் இரண்டாம், மூன்றாம் நிலைத் தேய்மானத்துக்கு உரியது. ஆகவே மருந்தின் பெயரையும் அனுமதி எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடலாம்.

கிளினிக்கில் இதைக் கேட்கப் போகும் முன், நின்ற நிலையில் எக்ஸ்ரே எடுத்து (படுக்கவைத்து எடுத்தால் மூட்டு இடைவெளி சரியாகத் தெரியாது), சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் எலும்பியல் புறநோயாளர் பிரிவில் காட்டித் தேய்மானம் எத்தனையாவது நிலை என்று கேளுங்கள்.

ஆனால் காலை விறைப்பு அரை மணி நேரத்தைத் தாண்டி, விரல் மூட்டுகளும் வீங்கியிருந்தால், அது தேய்மானமாக இல்லாமல் முடக்குவாதமாக (உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டுகளைத் தாக்கும் நோய்) இருக்கக்கூடும். அப்போது தேவைப்படுவது இரத்தப் பரிசோதனையும் வேறு மருந்துகளும்.