பச்சை குத்தப் போகிறேன், வேலையை விடலாமா?

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு வயது 27. சிங்கப்பூர் ஈசூனில் அம்மாவோடு இருக்கிறேன். சரக்கு நிறுவனம் ஒன்றில் அலுவலக வேலை, மாதம் 3,400 வெள்ளி (டாலர்) சம்பளம். சேமிப்பு 24,000. அம்மாவுக்குக் கொடுக்கும் 500 சேர்த்து மாதச் செலவு 1,400. சின்ன வயதிலிருந்தே நன்றாக வரைவேன். ஒரு டாட்டூ ஸ்டூடியோவில் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். ஓராண்டு, கட்டணம் 5,000 வெள்ளி, சம்பளம் கிடையாது. அடுத்த ஆண்டு கல்யாணம், அதற்கடுத்த ஆண்டு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) மறுவிற்பனை வீடு வாங்க எண்ணம். அம்மாவோ, "பச்சை குத்துறதெல்லாம் ஒரு வேலையா?" என்கிறார். 5,000 கொடுப்பது வீண்தானா?

பதில்: முதலில் அம்மாவின் கேள்வி. என் பாட்டியின் முன்கையில் ஒரு புள்ளிக்கோலம் பச்சையாக இருக்கும். அதைக் குத்திவிட்ட குறத்திக்குப் படி அரிசி அளந்து கொடுத்தார்களாம். அதனால் இது வேலைதான், பழைய வேலை. கூலிதான் அன்றைக்கும் நிச்சயமில்லை, இன்றைக்கும் நிச்சயமில்லை.

இனி பணம். நீங்கள் 5,000 வெள்ளியைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். அது சின்ன தொகை. உங்கள் சம்பளத்தில் மசேநிக்கு, அதாவது மத்திய சேமநிதிக்கு, நீங்கள் 20 விழுக்காடு போடுகிறீர்கள், முதலாளி மேற்கொண்டு 17 விழுக்காடு போடுகிறார். கைக்கு வரும் 2,720, மசேநிக்குப் போகும் 1,258, இரண்டையும் 12 மாதத்துக்குக் கூட்டினால் 47,736 வெள்ளி. வேலையை விட்டுவிட்டுப் பயிற்சிக்குப் போனால் கட்டணத்தோடு சேர்த்து உங்களுக்கு ஆகும் செலவு 52,736. இந்தக் கணக்கை ஸ்டூடியோவில் யாரும் போட்டுக் காட்ட மாட்டார்கள்.

சேமிப்பு தாங்குமா? கட்டணம் போக, இயந்திரம், ஊசி, மை, பயிற்சிக்கான செயற்கைத் தோல் எல்லாவற்றுக்கும் 2,000 ஒதுக்குங்கள். மிச்சம் 17,000. மாதம் 1,400 என்றால் சரியாகப் பன்னிரண்டு மாதம். பயிற்சி முடியும் நாளில் கையில் 200 வெள்ளி இருக்கும், வாடிக்கையாளர் ஒருவரும் இருக்க மாட்டார். அப்புறம்தான் கல்யாணச் செலவு!

வீடுதான் எனக்குப் பெரிய கவலை. வீவக வீட்டுக்கு வங்கிக் கடன் வாங்கினால், மாதத் தவணை வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இன்றைய சம்பளத்துக்கு உங்கள் பங்கில் 1,020 வெள்ளி வரை தவணை கட்டலாம். டாட்டூ தொழிலில் மாதம் 3,000 சம்பாதித்தாலும் அது ஏறி இறங்கும் வருமானம் என்று குறைந்தது 30 விழுக்காட்டைக் கழித்துவிட்டு 2,100 ஆகத்தான் கணக்கில் எடுப்பார்கள். தவணை 630 ஆகச் சுருங்கிவிடும். பயிற்சிக் காலத்தில் பூஜ்யம். மாப்பிள்ளையின் சம்பளம் மட்டும் வீட்டைத் தூக்க வேண்டியிருக்கும். அதை அவரிடம் பேசிவிட்டீர்களா?

அதற்காக ஆசையை விடச் சொல்லவில்லை. தொடக்க மாதங்களில் பயிற்சியாளர் என்ன செய்வார்? துடைப்பார், கருவிகளைக் கிருமிநீக்கம் செய்வார், ஸ்டென்சில் எடுப்பார், செயற்கைத் தோலில் நேர்கோடு போட்டுப் பழகுவார். மனிதத் தோலில் ஊசி வைக்க ரொம்ப நாளாகும். இதற்கு எதற்கு ராஜினாமா? வார இறுதியிலும் வேலை முடிந்த மாலையிலும் வருகிறேன் என்று கேளுங்கள். ஃபார் ஈஸ்ட் பிளாசா டாட்டூ கடைகளுக்கே பேர்போன இடம், ஒரு ஸ்டூடியோ மறுத்தால் அங்கேயே இன்னொன்றில் கேட்கலாம். உங்கள் வேலை ஒப்பந்தத்தில் வெளிவேலைக்குத் தடை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வீட்டுக் கடன் கையெழுத்தான பிறகு முழுநேரத்துக்கு மாறுங்கள். பயிற்சி ஓராண்டுக்குப் பதில் இரண்டாண்டு ஆகும், ஆகட்டுமே.

முழுநேரமாக இறங்கினால் பெரும்பாலும் சுயதொழில் செய்பவராகத்தான் இருப்பீர்கள். ஸ்டூடியோ வசூலில் பாதியை எடுத்துக்கொள்கிறது என்று வையுங்கள். மாதம் 4,000 வெள்ளிக்கு வேலை செய்தால் உங்களுக்கு 2,000. ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் (மசேநியின் மருத்துவச் சேமிப்புக் கணக்கு) கட்டாயம். 24,000 என்றால் உங்கள் வயதுக்கு 8 விழுக்காடு, அதாவது 1,920 வெள்ளி. வீட்டுத் தவணைக்கு உதவும் மசேநி சாதாரணக் கணக்கில் யாரும் எதுவும் போட மாட்டார்கள், நீங்களாகப் போட்டால்தான் உண்டு. ஊசி கையில் குத்திக்கொண்டாலும் ஊழியர்களுக்கான வேலைக்காய இழப்பீடு கிடைக்காது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை இப்போதே போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ரொக்கமாக வாங்கி வரிக் கணக்கில் காட்டாமல் விடுவதைச் சிலர் சாமர்த்தியமாகச் சொல்வார்கள். குற்றம் என்பது ஒருபுறம். சுயதொழில் செய்பவரிடம் வங்கி கேட்பது வரி மதிப்பீட்டுக் கடிதத்தைத்தான். அதில் இல்லாத வருமானத்துக்கு யார் கடன் கொடுப்பார்? ரசீதுகளை ஐந்தாண்டு வைத்திருங்கள். அடையாள அட்டையிலுள்ள சொந்த முழுப்பெயரில் தொழில் செய்தால் பதிவு வேண்டாம், கடைப்பெயர் வைத்தால் தொழில்களைப் பதிவு செய்யும் அக்ரா ஆணையத்தில் பதிய வேண்டும்.

5,000 வெள்ளியை மொத்தமாகக் கொடுக்காதீர்கள். மூன்று தவணை கேளுங்கள். எத்தனை மாதத்தில் உண்மையான தோலில் வேலை தருவார்கள், இடையில் நின்றால் எவ்வளவு திரும்பும், பயிற்சிக்குப் பின் வசூலில் உங்கள் பங்கு எவ்வளவு, இதெல்லாம் எழுத்தில் வேண்டும். கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.