இணையத்தில் நேரம் பதிய வைத்தால், வராமல் விடுபவர்கள் குறைவார்களா?

இணைய முன்பதிவு என்றால் பல் வைத்தியரிடமோ கண் பரிசோதனைக்கோ உரிய நேரத்தை ஃபோனிலேயே தெரிவுசெய்து பதிவது. வராமல் விடுபவர்கள் குறைவார்கள்தான். ஆனால் பெரிதும் குறைப்பது பதிவு அல்ல, அதன் பிறகு போகும் நினைவூட்டல். கலியாணக் கார்ட் கொடுத்த பிறகும் முதல்நாள் ஒருக்கா ஃபோன் எடுத்துச் சொல்வதில்லையா, அதைப்போல.

பெரும்பாலும் காரணம் அலட்சியமல்ல. மறதி, அல்லது நேரத்தை மாற்ற வழி தெரியாமை. ஆகவே இரண்டு நாளுக்கு முன் ஒரு எஸ்எம்எஸ், அன்று காலை இன்னொன்று. முதலாவதிலேயே ரத்துச் செய்யும் வழியும் இருக்கவேண்டும். ரத்தான இடம் காத்திருப்பவருக்குப் போகாவிட்டால் பாதிப் பயன்தான்.

தமிழ் எஸ்எம்எஸ் ஒன்றில் 70 குறிகள்தான் அடங்கும், ஆங்கிலத்தில் 160. புள்ளியும் கொம்பும்கூடத் தனித்தனியே எண்ணப்படும். நீண்டால் இரண்டு செய்திக்குக் காசு. இலக்கம் இல்லாமல் நிறுவனப் பெயரில் வரும் செய்திக்குப் பதில் அனுப்ப முடியாது. அதனால் ‘1 என்று அனுப்புங்கள்’ என்று எழுதாமல், அழைக்கவேண்டிய இலக்கத்தைப் போடுங்கள்.

துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கமிருந்து கிளிநொச்சிக்கு வருபவருக்கு, முதல் பஸ் வந்துசேர முன்னரே நேரம் கொடுத்தால் எந்த நினைவூட்டலும் உதவாது.

ஸ்மார்ட் ஃபோன் இல்லாதவருக்கு இது சரிவராது என்பது பிழையான எண்ணம்: அவர் அழைத்தால் பணியாளரே பதிந்துவிடலாம், எஸ்எம்எஸ் பட்டன் ஃபோனுக்கும் போகும்.