விடுவித்த காணியில் தூர்ந்த கிணறு: இறைக்கலாமா?

கேள்வி: பளையில் எங்களுக்கு எட்டுப் பரப்புத் தென்னங்காணி இருக்கிறது. மிதிவெடி அகற்றி விடுவித்ததாகக் கடிதமும் தந்துவிட்டார்கள். வீடு கட்ட முதல் தூர்ந்த கிணற்றை இறைக்க வேண்டும். உலோகம் கண்டுபிடிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் ஒருவர் பரப்புக்கு 5,000 ரூபாய் கேட்கிறார், அரை நாளில் முழுக்காணியையும் இன்னொரு முறை பார்த்துத் தருவாராம். கொடுக்கலாமா?

பதில்: ஒரு சதமும் கொடுக்காதீர்கள். மிதிவெடி அகற்றுவதற்குக் காணிக்காரரிடம் காசு வாங்கும் வழக்கமே இல்லை. ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் போன்ற மிதிவெடி அகற்றும் அமைப்புகள், இராணுவத்தின் பிரிவு, யார் வந்தாலும் இலவசம்தான். இந்த ஸ்கேனர்காரர்கள் புதையல் தேடித் திரிந்த மெஷினையே தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பி4 மிதிவெடிக்கு பிளாஸ்டிக் உடம்பு, உள்ளே சின்ன இரும்புத் துண்டு மட்டும். புலிகள் செய்த ஜொனி 95 மிதிவெடி மரப்பெட்டியில் செய்தது. பெட்டி உக்கிப் போனாலும் வெடிமருந்து அப்படியே கிடக்கும். மெஷின் கத்தவில்லை என்பதற்காக அங்கே கால் வைக்க முடியுமா? பயிற்சி பெற்றவர் முழங்காலில் இருந்து, சத்தம் வந்த இடத்தை மேலிருந்து குத்தாமல் பக்கவாட்டில் மண்ணைச் சுரண்டிச் சுரண்டிப் போவார். ஒரு நாள் முழுக்க வேலை செய்தாலும் சில சதுர மீற்றர்தான் நகரும். அரை நாளில் எட்டுப் பரப்பா?

கடிதத்தோடு வரைபடமும், துப்புரவாக்கிய ஆழமும் இருக்கும். அத்திவாரம் அதைவிட ஆழமாகப் போனால் கடிதம் தந்தவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கிணறுதான் என் கவலை. கடிதம் மேல்மண்ணுக்கு, கிணற்றின் அடிக்கு அல்ல. சண்டைக் காலத்திலும் அதற்குப் பிறகும் கையில் அகப்பட்ட ஷெல், கைக்குண்டு எல்லாவற்றையும் கிணற்றுக்குள் போட்டவர்கள் உண்டு. தண்ணீரில் கிடந்தால் பழுதாகிவிடும் என்று நினைக்காதீர்கள். சேற்றுக்குள் அலவாங்கு போடுகிறவருக்குத் தான் எதில் இடிக்கிறோம் என்று தெரியாது. மேலே வந்த வாளியில் துருப்பிடித்த உருளை ஒன்று இருந்தால் கழுவிப் பார்க்க வேண்டாம், பழைய இரும்புக்காரருக்குக் காட்டவும் வேண்டாம். வைத்த இடத்தில் விட்டு, எல்லோரும் விலகி, 119க்கு அழையுங்கள்.

கிணற்றைப் பார்க்கச் சொல்லிக் கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலாளருக்கு எழுதிக் கொடுங்கள். பிரதி ஒன்று மிதிவெடி நடவடிக்கை நிலையத்தின் கிளிநொச்சி அலுவலகத்துக்கு. நாடு முழுக்க மிதிவெடி அகற்றும் வேலையை 2020க்குள் முடிப்போம் என்று அரசாங்கம் சொன்னது, முடியவில்லை. 2017இல் மிதிவெடிகளைத் தடை செய்யும் ஒட்டாவா ஒப்பந்தத்தில் இலங்கை சேர்ந்ததால் கிடைத்த கெடு 2028 ஜூன் 1. இப்படியிருக்க, ஒரு கிணற்றுக்காகச் சனத்தை மூன்று கந்தோருக்கு அலைய விடுவது அநியாயம். நீங்கள் கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

அவர்கள் வந்து பார்க்கும்வரை கிணற்றுக்குள் பம்பை இறக்க வேண்டாம்.